கேள்வி கேட்கக் கூடாத வணிகம்

அமெரிக்க நாட்டில் குழந்தைகள் விளையாடும் பொம்மைத் துப்பாக்கியில் ஆபத்தான கோளாறு இருக்குமானால், அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அமைப்பை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அவர்கள் ஏற்படுத்தினார்கள். தொட்டில், ஏணி, மின்விசிறி, புல்வெட்டும் எந்திரம், பொம்மை என்று வீட்டில் புழங்கும் பண்டங்கள் பல்லாயிரத்தை அந்த ஆணையம் கண்காணித்து வருகிறது. பொம்மைத் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கி என்று எவரும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, அதன் குழல் முனையில் ஆரஞ்சு நிறம் போன்ற அடையாளம் இருக்கவேண்டும் என்று 1988-இல் தனிச் சட்டமே வந்தது. மெய்த் துப்பாக்கியின் கதை வேறு. அதைத் தொட இந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆணையத்தைப் பிறப்பித்த சட்டமே துப்பாக்கியைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. தோட்டாவுக்கும் அதே விலக்கு 1976-இல் உறுதி செய்யப்பட்டது. பொம்மைக்குக் காவல் போட்டவர்கள் துப்பாக்கியைச் சும்மா விட்டார்கள்.

அரசு கேட்காவிட்டால் போகட்டும், அடிபட்டவன் நீதிமன்றத்தில் கேட்கலாமே என்று நாம் நினைப்போம். 2005-ஆம் ஆண்டு வரை அந்த வழி திறந்துதான் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒப்பமிட்ட சட்டம் ஒன்று அதையும் அடைத்தது. ஆயுதங்களின் சட்டபூர்வ வணிகத்தைப் பாதுகாக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். செனட் சபையில் 65-க்கு 31 என்றும் பிரதிநிதிகள் சபையில் 283-க்கு 144 என்றும் வாக்குகள் பெற்று அது நிறைவேறிற்று. சாரம் இதுதான்: துப்பாக்கியை மூன்றாமவன் ஒருவன் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், அதனால் விளைந்த கேட்டுக்காக அதைச் செய்தவர் மீதோ விற்றவர் மீதோ இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரக் கூடாது. விலக்குகள் சில உண்டு. அவற்றின் இலட்சணத்தைப் பின்னர் பார்ப்போம்.

வணிகம் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பரம்பரைத் தொழில். விற்ற பொருளுக்கு விற்றவன் எதுவரை பொறுப்பு என்பது நமக்கு அந்நியமான கேள்வி அன்று. கல்லாவில் உட்கார்ந்த எவரும் என்றேனும் எண்ணிப் பார்த்த கேள்விதான். ஆகவே விற்பவனுக்கும் நியாயம் வேண்டும் என்ற கட்சியை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. கத்தி விற்றவனைக் கொலைக்காகப் பிடிப்பது அநீதி என்பதில் நமக்கு ஐயமே இல்லை. நாம் கேட்பது வேறு. வாங்க வந்தவனின் நோக்கம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தும் விற்ற கடைக்காரனையும், சிறு செலவில் தடுத்திருக்கக்கூடிய ஆபத்தைத் தடுக்காமல் விட்ட உற்பத்தியாளனையும் கூண்டில் ஏற்றி, ‘உன் பங்கு இதில் என்ன?’ என்று கேட்பதற்குக்கூட உரிமை இல்லை என்று ஒரு நாடு சட்டம் செய்யலாமா? தீர்ப்பு எப்படி வரும் என்பது அடுத்த விஷயம். கேள்வியே கூடாது என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

இந்தச் சட்டம் யாருக்காகப் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். 2002 அக்டோபரில் வாஷிங்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூன்று வார காலம் இருவர் நடுங்க வைத்தார்கள். காரின் பின்புறத்தில் மறைந்துகொண்டு, பெட்ரோல் போட நின்றவரையும் கடைவாசலில் நடந்தவரையும் பள்ளிக்கூடம் வந்திறங்கிய சிறுவனையும் தொலைவிலிருந்து சுட்டார்கள். பத்துப்பேர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். சுட்டவர்களில் மூத்தவன் பெயர் ஜான் ஆலன் முஹம்மது. மற்றவன் பதினேழு வயதுப் பையன். அந்த மூத்தவனின் பெயரில் இருந்த ‘முஹம்மது’ என்ற சொல்லை உலகம் எப்படி உருட்டிப் பார்த்தது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துப்பாக்கியை விட்டுக்கொடுத்த கடையின் பெயரோ எத்தனை பேருக்குத் தெரியும்?

கடை, நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் இருந்தது. ‘புல்ஸ் ஐ’ என்று பெயர். கொலைக்கு உதவிய புஷ்மாஸ்டர் ரைபிள் அங்கிருந்து போனதுதான். மூத்தவன் மீது நீதிமன்றத் தடையாணை இருந்தது. இளையவனுக்கோ வயது நிறையவில்லை. சட்டப்படி இருவருமே துப்பாக்கி வாங்க முடியாதவர்கள். வாங்கவும் இல்லை. கடையிலிருந்து தானே திருடிவந்ததாக இளையவன் பின்னர் சொன்னான். இரண்டு முழம் நீளமுள்ள ரைபிள் ஒன்று கடையிலிருந்து காணாமற் போயிருக்கிறது. கொலையாளிகள் பிடிபட்டு, அதிகாரிகள் துப்பாக்கியின் எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்கும் வரையில் கடைக்காரர் அதைப் பற்றிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தபோது காணாமற் போனது அது ஒன்று மட்டும் அன்று. 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கு இல்லை! நம் ஊர் மளிகைக் கடையில் 238 தேங்காய் கணக்கில் விட்டுப்போனால் முதலாளிக்கு அன்றிரவு உறக்கம் வருமா?

மாண்டவர்களின் குடும்பத்தார் கடையின் மீதும், துப்பாக்கி செய்த கம்பெனியின் மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2004-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஏறக்குறைய 25 லட்சம் டாலர் கிடைத்தது. பெரும்பகுதி கடைக்காரர் தரப்பில். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஒரு பகுதி புஷ்மாஸ்டர் கம்பெனி தரப்பில். தவறை ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. எனினும் கொலை செய்தவன் மூன்றாமவனாக இருக்க, துப்பாக்கி செய்த கம்பெனியின் தரப்பிலிருந்து பாதிக்கப்பட்டோருக்குப் பணம் போயிற்று என்பது அந்தத் தொழிலுக்கே அபாயச் சங்காக ஒலித்தது. அடுத்த ஆண்டே சட்டம் வந்துவிட்டது. இது தற்செயல் என்று எவரேனும் சொன்னால் நம்மால் ஏற்க முடியவில்லை.

சங்கு அதற்கு முன்னரே ஊதத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1998-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி துப்பாக்கிக் கம்பெனிகளின் மீது வழக்குத் தொடர்ந்தது. அடுத்த மாதம் சிகாகோ. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களும் வட்டங்களும். மருத்துவமனைக்கும் காவலுக்கும் மக்கள் வரிப்பணத்தில் நாங்கள் செலவழிக்கிறோம், இலாபம் மட்டும் உங்களுக்கா என்பது அவற்றின் வாதம். அதே 1998-இல்தான் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தன. பணத்தைவிடப் பெரிய விளைவு, அக்கம்பெனிகள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கடிதங்களும் ஆய்வுக் குறிப்புகளும் வெளியே வந்ததுதான். புகையிலையின் தீமையை அவர்கள் எப்போதிலிருந்து அறிந்திருந்தார்கள் என்பது உலகுக்கு அம்பலமாயிற்று. வழக்கு என்பது இழப்பீடு பெறும் வழி மட்டும் அன்று. பூட்டிய பெட்டியைத் திறக்கும் சாவியும் அதுவே. துப்பாக்கித் தொழில் அஞ்சியது இந்தச் சாவிக்குத்தான் என்று நாம் கருதுகிறோம்.

அந்தத் தொழிலுக்குள்ளேயே மனம் மாறியவர்கள் இல்லாமலில்லை. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்ற பழம்பெரும் கம்பெனி 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் கிளின்டன் அரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பூட்டு வைத்துத் துப்பாக்கி விற்போம், ஒழுங்கான கடைகளுக்கே சரக்குத் தருவோம் என்று வாக்களித்தது. நடந்தது என்ன? துப்பாக்கிப் பிரியர்கள் அந்தக் கம்பெனியின் சரக்கை வாங்காமல் புறக்கணித்தார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளிகள் 2001-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கும் கடன்பொறுப்புக்கும் அதைக் கைகழுவிவிட்டுப் போனார்கள். மற்றக் கம்பெனிகள் பாடம் கற்றுக்கொண்டன.

ஒழுங்கான கடை எது, ஒழுங்கற்ற கடை எது என்பது கண்டுபிடிக்க முடியாத இரகசியமும் அன்று. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கியின் எண்ணைக் கொண்டு அது எந்தக் கடையில் முதலில் விற்பனையாயிற்று என்று அறிய அந்நாட்டு மத்திய அரசிடம் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறை 2000-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்வாறு தடம் கண்ட துப்பாக்கிகளில் 57 விழுக்காடு, நாட்டிலுள்ள வணிகர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே வரும் ஒரு சிறு கூட்டத்தாரிடமிருந்து போனவை. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாகக் கடை நடத்துகிறார்கள் என்பதற்கும் இதுவே சான்று. அப்படியானால் அந்த ஒருவரைப் பிடித்தாற் போதுமே! காங்கிரஸ் என்ன செய்தது? 2003-இல் நிதி ஒதுக்கீட்டு மசோதா ஒன்றில் ஒரு வாசகத்தைச் செருகி, அந்தத் தடயக் கணக்குகள் பொதுமக்கள் கைக்குப் போகாதபடி தடுத்தது. உரிமையியல் வழக்குகளில் அவற்றைச் சான்றாகக் காட்டவும் பின்னர் தடை வந்தது. நாட்டில் எவன் கடை நாறுகிறது என்பது அரசுக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குத் தெரியக் கூடாது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமைகளில் தலையாயது, அது வரப்போகும் வழக்குகளை மட்டும் தடுக்கவில்லை என்பது. நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்குகளையும் உடனே தள்ளுபடி செய்யவேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே விதியை மாற்றுவது என்பது இதுதான். 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வெறியன் ஒருவன் யூதர்களின் சமூக நிலையம் ஒன்றில் புகுந்து சுட்டான். குழந்தைகள் உட்பட ஐவர் காயமடைந்தனர். சிறிது நேரத்தில், வழியில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த பிலிப்பைன் வம்சத்து அஞ்சல்காரர் ஒருவரையும் அவன் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வைத்திருக்க அவனுக்குச் சட்டம் இடம் தரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கை நடத்தலாம் என்று மேல்முறையீட்டு மன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. இரண்டாண்டில் புதுச் சட்டம் வந்தது. அதைக் காரணம் காட்டி கிளாக் கம்பெனியின் மீதான வழக்கு தள்ளப்பட்டது. 2009-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அந்த வழக்கிலே ஒரு வேடிக்கை. பிரதிவாதிகளில் ஒன்று சீன நாட்டுக் கம்பெனி. அதனிடம் அமெரிக்க மத்திய அரசின் உரிமம் இல்லை. உரிமம் இல்லாததால் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு இல்லை. அதன் மீது வழக்கை நடத்தலாம் என்றது மன்றம். உரிமம் என்பது பொறுப்பைக் கூட்டுவதற்காக வழங்கப்படுவது என்று நாம் இதுநாள்வரை எண்ணியிருந்தோம். அங்கே அது பொறுப்பிலிருந்து தப்பும் சீட்டாயிற்று.

சட்டத்தை ஆதரிப்போர் ஓயாமல் சொல்லும் உவமை ஒன்று உண்டு. குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவன் ஆளைக் கொன்றால் கார்க் கம்பெனியின் மீதா வழக்குப் போடுவீர்கள் என்பார்கள். கேட்பதற்கு வாயடைத்துப் போகும் கேள்விதான். ஆனால் உவமை சொன்னவர்கள் அதை முழுவதும் சொல்லவில்லை. கார்க் கம்பெனியைக் காப்பாற்ற இப்படி ஒரு சட்டம் அந்நாட்டில் இல்லை. யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், வழக்கில் சாரம் இல்லாவிட்டால் நீதிபதி தள்ளிவிடுவார். ஃபோர்டு கம்பெனியின் பின்ட்டோ காரில் பெட்ரோல் தொட்டி இருந்த இடமே தீப்பிடிக்கக் காரணம் என்று 1978-இல் கலிபோர்னியா ஜூரி ஒன்று கண்டு பெருந்தொகை விதித்ததே, அது வழக்கினால் வந்ததல்லவா? மோட்டார்களின் பாதுகாப்புக்கு 1966-இலிருந்து மத்தியச் சட்டம் இருக்கிறது. ஓட்டுபவனுக்கு உரிமம் வேண்டும். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் காருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். குடிகாரனைப் பற்றிப் பேசினார்களே, அதையும் பார்ப்போம். தள்ளாடும் நிலையில் இருப்பவனுக்கு மேலும் மது ஊற்றிக் கொடுத்து அனுப்பிய கடைக்காரன் மீது, விபத்தில் செத்தவனின் குடும்பம் வழக்குத் தொடர அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இடம் தருகின்றன. மது ஊற்றியவனைக் கேட்கலாம். துப்பாக்கி விற்றவனைக் கேட்பதற்குத்தான் இத்தனை வேலிகள்!

வேறு தொழில்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கவில்லையா என்று இன்னொரு கேள்வி வரும். கொடுத்திருக்கிறார்கள், உண்மை. துப்பாக்கிக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று சிலர் மேடைகளில் முழங்குவது சரியன்று. தடுப்பூசி செய்வோர்க்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. அணுமின் நிலையங்களுக்கு 1957-இலேயே ஒரு வரம்பு கட்டினார்கள். ஆனால் அந்தச் சட்டங்களின் மறுபாதியைப் பாருங்கள். தடுப்பூசி ஒன்றினால் குழந்தைக்குக் கேடு வந்தால் இழப்பீடு தர ஒரு நிதி வைத்தார்கள். தடுக்கப்படும் நோய் ஒவ்வொன்றுக்கும் ஊசிக்கு 75 சென்ட் வரி விதித்து அந்த நிதியை நிரப்பினார்கள். அணு உலை நடத்துவோர் இன்ஷூரன்ஸ் தொகை கட்டிப் பொது நிதி வைக்க வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போகாதே என்றவர்கள், போகாமலே கிடைக்கும் வழி ஒன்றைக் காட்டினார்கள். துப்பாக்கிச் சட்டத்தில் அந்த மறுபாதி எங்கே? ஒரு டாலர் நிதி உண்டா? மருந்து உயிர் காப்பதற்காகச் செய்யப்படுவது. அதைச் செய்பவனிடம் வாங்கிய ஈட்டுப்பணத்தைத் துப்பாக்கி செய்பவனிடம் வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 2020-இலிருந்து ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதற்காரணமாகத் துப்பாக்கி ஆகியிருக்கிறது. மோட்டார் விபத்து இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

இனி விலக்குகளுக்கு வருவோம். சட்டத்தில் ஆறு விலக்குகள் உண்டு. ஆகையால் இது முழுப் பாதுகாப்பு அன்று என்பார்கள். வாங்குபவன் ஆபத்தானவன் என்று தெரிந்தும் கொடுத்த கடைக்காரன் மீது வழக்குப் போடலாம். விற்பனை பற்றிய சட்டத்தை அறிந்தே மீறியவன் மீது போடலாம். துப்பாக்கியின் அமைப்பிலேயே பழுது இருந்தால் போடலாம். இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்ல மாட்டோம். மில்வாக்கி நகரில் 2009-இல் காவலர் இருவர் சுடப்பட்டார்கள். உரிய வயதில்லாத ஒருவனுக்காக இன்னொருவன் பினாமியாக நின்று வாங்கிய துப்பாக்கி அது. 2015-இல் ஜூரி அந்தக் கடைக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் விதித்தது. நல்லதே. ஆனால் ஒரு வீட்டில் ஆறு சன்னல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கைநுழையாத கம்பி அடித்து வைத்தால் என்ன பயன்?

அமைப்பில் பழுது என்ற விலக்கையே எடுத்துக்கொள்வோம். 2001 மே மாதத்தில் சிகாகோவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தன் நண்பன் வீட்டுக்குப் போனான். அந்த நண்பனுக்கும் பதின்மூன்று வயதே. அவன் தந்தை சிறைக் காவலர். பணிக்குரிய பெரெட்டா கைத்துப்பாக்கி வீட்டில் இருந்தது. பையன் அதை எடுத்தான். தோட்டாக் கூட்டைக் கழற்றினான். கூடு கழன்றுவிட்டது, இனி உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்பி விளையாட்டாக நண்பனை நோக்கி விசையை இழுத்தான். கூட்டைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியவில்லை. நண்பன் செத்தான். கூட்டைக் கழற்றினால் சுடாதபடி தடுக்கும் சிறு உறுப்பு ஒன்றைப் பொருத்தும் முறை புதிதன்று. பல துப்பாக்கிகளில் அது இருக்கிறது. அதை இதில் ஏன் பொருத்தவில்லை என்று கேட்டுத்தான் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இது அமைப்புப் பழுது பற்றிய வழக்கு இல்லையென்றால் வேறு எது? ஆனால் அந்த விலக்கின் வாலில் ஒரு வாசகம் தொங்குகிறது. வேண்டுமென்று செய்த செயலால் துப்பாக்கி வெடித்து, அச்செயல் குற்றமுமாக இருந்தால், கேட்டுக்கு அச்செயல் ஒன்றே காரணம் என்று கொள்ள வேண்டுமாம். விசையைப் பையன்தானே இழுத்தான், இளஞ்சிறார் நீதிமன்றமும் அதைக் குற்றமாகத்தானே கண்டது என்று சொல்லி, இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் 2009-இல் கதவைச் சாத்திற்று. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அறியாமை முழுப் பொறுப்பையும் சுமந்தது. அந்தப் பொருளை வடிவமைத்த பொறியாளர்கள் எதையும் சுமக்கவில்லை.

கம்பிக்கு நடுவே கை நுழைந்த கதையும் ஒன்று உண்டு. 2012 டிசம்பர் 14-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஆறும் ஏழும் வயதுடைய குழந்தைகள் 20 பேரும், பள்ளியில் இருந்த பெரியவர்கள் ஆறு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதுவும் புஷ்மாஸ்டர் ரைபிளே. கொலையாளியின் தாய் சட்டப்படி வாங்கி வைத்திருந்தது. அந்தத் தாயைத்தான் அவன் முதலில் கொன்றான். சட்டப்படி விற்ற பொருள் என்றால் வழக்குக்கு எங்கே இடம்? ஒன்பது குடும்பத்தாரின் வக்கீல்கள் விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ரைபிளை வாங்கினால் ஒருவனுடைய ஆண்மைக்குப் புதிதாகச் சான்றுச் சீட்டு வழங்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்ற பொருளில் அந்தக் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. போர்க்களத்து ஆயுதத்தை இப்படி இளைஞர்களுக்கு ஆசை காட்டி விற்பது மாநிலத்தின் முறையற்ற வணிகத் தடைச் சட்டத்தை மீறியதாகும் என்பது வாதம். கீழ்மன்றம் 2016-இல் தள்ளியது. மாநில உச்சநீதிமன்றம் 2019 மார்ச்சில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வழக்கை நடத்தலாம் என்றது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அந்தச் சன்னலும் இல்லை. 2022 பிப்ரவரியில், திவாலாகிப் போயிருந்த ரெமிங்டன் கம்பெனியின் இன்ஷூரன்ஸ்காரர்கள் 7 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். கம்பெனியின் உள்விவகாரக் காகிதங்களை வெளியிடும் உரிமையையும் குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் போய் ஒன்பதாண்டுகளுக்குப் பிறகு! சட்டத்தில் வழி இருக்கிறது என்று இந்த ஒரு வழக்கைக் காட்டிப் பெருமை பேசுவோர், அந்த ஒன்பதாண்டையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அண்டை நாடு ஒன்றும் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தது. மெக்ஸிகோவில் துப்பாக்கிக் கடை என்பது மிக அரிது. இராணுவத்தின் பொறுப்பில் நடப்பது. அங்கே ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான உரிமங்களே வழங்கப்படுகின்றன என்று அமெரிக்க உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் கஞ்சா, அபின் கடத்தும் கும்பல்கள் கையில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. எல்லைக்கு வடக்கே இருந்து வருகிறது. 2021-இல் மெக்ஸிகோ அரசு பாஸ்டன் நகர மன்றத்தில் வழக்குப் போட்டது. எந்தக் கடைகள் கடத்தல்காரருக்கு விற்கின்றன என்று தெரிந்தே கம்பெனிகள் சரக்கு அனுப்புகின்றன என்றது. மெக்ஸிகோவின் புரட்சி வீரர் எமிலியானோ ஸப்பாட்டாவின் உருவம் பொறித்த கைத்துப்பாக்கியைக் கோல்ட் கம்பெனி செய்து விற்றதையும் எடுத்துக் காட்டியது. உழவர்களின் நிலத்துக்காகப் போராடி மாண்டவரின் முகம், அவருடைய நாட்டு மக்களைக் கொல்லும் கும்பல்கள் விரும்பிச் சேர்க்கும் ஆயுதத்தின் மேல்! 2025 ஜூன் 5-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒருமனதாக மெக்ஸிகோவைத் திருப்பி அனுப்பிற்று. தீர்ப்பை எழுதியவர் துப்பாக்கிக் கட்சியின் நண்பர் அல்லர். தாராளக் கருத்தினர் என்று பெயர் பெற்ற நீதிபதி எலினா கேகன். எந்தக் கம்பெனி எந்தக் கடைக்கு எந்த விற்பனையில் துணை நின்றது என்று குறித்துக் காட்டவில்லை என்பது காரணங்களில் ஒன்று. அவரை நாம் குறை சொல்லவில்லை. சட்டம் எழுதியபடி அவர் வாசித்தார். ஆனால் எந்தக் கடை என்று குறித்துக் காட்டுவதற்கு உரிய கணக்கை 2003-இலேயே பூட்டி வைத்தவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிட முடியாது.

நியூயார்க் மாநிலம் 2021-இல் தானே ஒரு சட்டம் செய்து, பொதுத் தொல்லை விளைவிக்கும் துப்பாக்கி வணிகர் மீது வழக்குக்கு இடம் கொடுத்திருக்கிறது. மத்திய மேல்முறையீட்டு மன்றம் 2025-இல் அதை நிலைக்கவிட்டது. கலிபோர்னியா முதலிய சில மாநிலங்களும் அந்த வழியே போகின்றன. பார்ப்போம்.

மெக்ஸிகோ ஓர் அரசு. வழக்கில் தோற்றாலும் தாங்கும். தாங்க முடியாதவர்களுக்கு நேர்ந்தது ஒன்றையும் வாசகர்கள் அறியவேண்டும். கொலராடோ மாநிலத்தில் 1999-இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் இருவர் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றது பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டே அந்த மாநிலச் சட்டமன்றம் துப்பாக்கி வணிகத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று செய்தது. அவர்கள் மீது வழக்குப் போட்டுத் தள்ளுபடியானால், போட்டவரே எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைக் கட்டவேண்டும் என்பது அதில் ஒரு விதி. 2012 ஜூலையில் அதே மாநிலத்து அரோரா நகரில் திரையரங்கில் ஒருவன் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். ஆயிரக்கணக்கான தோட்டாக்களை அவன் வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாக வாங்கியிருந்தான். விற்றவர் எவரும் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மகளைப் பறிகொடுத்த பெற்றோர் அந்த விற்பனையாளர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். பணம் கேட்கவில்லை. விற்கும் முறையை மாற்றிக்கொள் என்று மட்டுமே கேட்டார்கள். 2015-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. மகளைக் கொன்ற தோட்டாவின் வணிகருக்கு வக்கீல் செலவாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பெற்றோர் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்கள் திவாலானார்கள். கொலராடோ மாநிலம் 2023-இல் அந்தச் செலவு விதியை நீக்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை நீக்க வேண்டுமென்று காங்கிரஸில் மசோதாக்கள் பலமுறை வந்திருக்கின்றன. ஒன்றும் இதுவரை நிறைவேறவில்லை.